திருத்துமேசை: ஏழரை லட்சத்தில் வந்த ஏழரை

போன இதழின் கடைசி வரியில், "விலை கூடின டிவி வாங்கிக் கரைச்சல்படுகிறவர்கள் எழுதுங்கள்" என்று சும்மா போட்டுவைத்தேன். ஆசிரியர் ஒரு ஷொப்பிங் பை நிறையக் கடிதங்களைக் கொட்டாஞ்சேனையில் நான் டிவி திருத்துகிற கடைக்கே கொடுத்தனுப்பிவிட்டார். இரண்டு இரவு இருந்து வாசித்தேன். பாதிக் கடிதங்களில் கேள்வி ஒன்றுதான், விலைதான் வேறு. அதனால் சிலதை மட்டும் எடுத்திருக்கிறேன். மற்றவர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் பதிலும் இதற்குள்ளேதான் எங்கேயாவது இருக்கும்.

"ஏழரை லட்சம் கொடுத்து 65 அங்குல ஓலெட் டிவி வாங்கினோம். இரண்டு வருஷமும் மூன்று மாதமும் ஆகிறது. இப்போது எந்தச் சனலைப் போட்டாலும் கீழே, செய்தி ஓடுகிற பட்டியின் நிழல் தெரிகிறது. வொரண்டி இரண்டு வருஷம்தான். கொம்பனி ஆட்கள் வந்து பார்த்துவிட்டுத் திரைப் பெனல் மாற்ற வேண்டும், 5 லட்சத்து 40 ஆயிரம் என்கிறார்கள். நாங்கள் வடிவாகத்தான் பாவித்தோம். பார்த்து முடிந்ததும் ஒவ்வொரு நாளும் சுவர் சுவிட்சைக்கூட நிறுத்திவிடுவோம். அப்படியிருந்தும் ஏன் இப்படி?" - ஒரு வாசகி, வெள்ளவத்தை

அக்கா, சொன்னால் மனம் நோகக்கூடாது. அந்தச் சுவர் சுவிட்சும் ஒரு காரணம்.

ஓலெட் டிவிக்குப் பின்னால் லைட் கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. 4கே திரையில் அப்படி 83 லட்சம் புள்ளிகள் வரும். எரிகிற பொருள் எரிய எரியத் தேயும். எல்லாப் புள்ளியும் ஒரே அளவாகத் தேய்ந்தால் கண்ணுக்குப் பிடிபடாது. செய்திப் பட்டி நிற்கிற இடம் மட்டும் நாள் முழுக்க வெள்ளையும் சிவப்புமாகவே எரிந்தால் அந்த இடம் முந்திக் களைத்துவிடும். பழைய கோயில் படியில் எல்லாரும் கால் வைக்கிற நடுப்பகுதி மட்டும் குழிந்திருக்குமே, அது மாதிரி. உங்கள் வீட்டில் விடியற்காலையிலிருந்தே செய்திச் சனல்தான் என்று நீங்கள் எழுதவில்லை. நிழல் சொல்லிவிட்டது.

இது டிவி செய்கிறவர்களுக்குத் தெரியாத விஷயமா? தெரியும். அதனால்தான் உள்ளே ஒரு வேலை வைத்திருக்கிறார்கள். மொத்தமாக நாலு மணித்தியாலம் அளவில் பார்த்த பிறகு ரிமோட்டில் நிறுத்தினீர்கள் என்றால், திரை கறுத்திருக்கும்போதே டிவி தன் புள்ளிகளை அளந்து, எதற்கு எவ்வளவு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளும். பெரும்பாலான மொடல்களில் அது ஒரு பத்து நிமிஷ வேலை. கிட்ட இருந்தால் சிலதில் பின்பக்கத்தில் 'டொக்' என்று ரிலே சுவிட்ச் விழுகிற சத்தமும் கேட்கும். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ரிமோட்டில் நிறுத்தின கையோடு சுவர் சுவிட்சையும் நிறுத்திவிடுகிறீர்கள். பாவம், அது கணக்குக் கொப்பியைத் திறக்கிற நேரம் நீங்கள் விளக்கை அணைக்கிறீர்கள். இரண்டு வருஷமாக ஒரு நாளும் அதற்கு அந்தப் பத்து நிமிஷம் கிடைக்கவில்லை.

கரண்ட் பில்லுக்குப் பயந்துதான் எல்லாரும் நிறுத்துகிறோம், எனக்குத் தெரியும். 2022 க்குப் பிறகு கொழும்பில் அந்தப் பயம் இல்லாத வீடு ஏது? ஆனால் கணக்கைப் பாருங்கள். ரிமோட்டில் நிறுத்தி வைத்த டிவி சாதாரணமாக அரை வாட் அளவில்தான் இழுக்கும். வருஷம் முழுக்க அப்படியே விட்டாலும் நாலரை யூனிட் வராது. கெதியாக ஒன் ஆக வேண்டும் என்று மெனுவில் 'குயிக் ஸ்டார்ட்' போட்டு வைத்திருந்தால் கொஞ்சம் கூட வரும், அதை நிறுத்திவிடுங்கள். நாலரை யூனிட்டை மிச்சம் பிடிக்கப் போய் 5 லட்சத்து 40 ஆயிரம் கேட்டு நிற்கிறது. ஏழரை லட்சத்துக்கு வாங்கினதில் ஏழரை பிடித்தது என்று என் பெடியன் சிரிக்கிறான். அவனை ஏசிவிட்டேன்.

இப்போது செய்யக்கூடியது: மெனுவில் திரைப் பராமரிப்பு என்ற மாதிரி ஒரு பகுதி இருக்கும். அதற்குள் 'பிக்ஸல் ரிஃப்ரெஷ்' அல்லது 'பெனல் ரிஃப்ரெஷ்' என்று இருப்பதை ஒரே ஒரு தடவை ஓடவிடுங்கள். ஒரு மணித்தியாலம் அளவில் எடுக்கும், நடுவில் கரண்ட் போகாத நேரமாகப் பாருங்கள். நிழல் குறையலாம். குறையவில்லை என்றால் அது நிரந்தரம், திரும்பத் திரும்ப ஓடவிடாதீர்கள், அதுவே பெனலைத் தேய்க்கும். பெனல் மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. நிழலோடு படம் பாருங்கள். செய்தியை வேறொரு சின்ன டிவியில் பாருங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்று மனம் கேட்டால், புதுப் பெனலுக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு மாற்றுங்கள்.

பெனலுக்கு ஏன் அவ்வளவு விலை என்று இன்னும் நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். பெனலைக் கழற்றினால் மிச்சம் மூன்று சர்க்கிட் போர்ட், இரண்டு ஸ்பீக்கர், ஒரு தகரம். காசு முழுக்க அந்தக் கண்ணாடியில்தான். பெரிய ஓலெட் டிவிப் பெனல் என்று பார்த்தால் உலகத்தில் செய்கிறவர்கள் முக்கியமாக இரண்டு பேர், இரண்டுமே கொரியாக் கொம்பனிகள். பெட்டியில் எந்தப் பேர் இருந்தாலும் கண்ணாடி அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

அதன் விலை எனக்கு வாய்ப்பாடு மாதிரிப் பாடம். 2019 இல் பம்பலப்பிட்டித் தொடர்மாடி ஒன்றில் 55 அங்குல ஓலெட் ஒன்றைச் சுவரிலிருந்து இறக்கினோம். பவர் போர்ட்டில் சின்ன வேலை, அரை மணித்தியாலத்தில் முடிந்திருக்க வேண்டியது. நான் ஒரு பக்கம், பெடியன் ஒரு பக்கம். மேல்பகுதி சுண்டுவிரல் தடிப்புக்கூட இல்லை. கட்டிலில் முகம்குப்புற வைக்கும்போது அவன் பக்கம் ஒரு அங்குலம் முந்தி இறங்கிவிட்டது. அப்பளம் நொறுங்குகிற சத்தம்கூட அதைவிடப் பெரிது. நிமிர்த்திப் போட்டுப் பார்த்தால், ஒரு மூலையிலிருந்து கறுப்பு மை ஊறின மாதிரி. வீட்டுக்கார அம்மா தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றார். ஒரு சொல் ஏசவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. பதினாலு மாதம் தவணை கட்டி அந்தப் பெனல் காசைக் கொடுத்து முடித்தேன். அதற்குப் பிறகு மூன்று பேர் இல்லாமலும், விரிக்க ரெஜிஃபோம் பலகை இல்லாமலும் நான் ஓலெட்டில் கை வைப்பதில்லை.

"சத்தம் வருகிறது, படம் இல்லை. போட்டதும் ஒரு விநாடி வெளிச்சம் வந்து போகிறது. 55 அங்குலம், எல்ஈடி, மூன்று வருஷம். போர்ட் போய்விட்டது என்று ஒருவர் 85 ஆயிரம் கேட்கிறார்." - வாசகர், ஜம்பட்டா வீதி

தம்பி, காசு கொடுக்க முந்தி இன்றிரவு ஒரு வேலை செய். ஹோல் லைட்டை நிறுத்து, டிவியைப் போடு, சத்தம் வந்ததும் ஃபோன் டோர்ச்சைத் திரையில் ஒட்டின மாதிரிப் பிடித்துச் சரித்துப் பார். உள்ளே மங்கலாக ஆட்கள் நடமாடுவது தெரிந்தால் பெனலும் நல்லது, மெயின் போர்ட்டும் பெரும்பாலும் நல்லது. பின்னால் இருக்கிற லைட் மட்டும் செத்திருக்கிறது.

அந்த லைட் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் உன்னை ஒருவரும் ஏமாற்ற முடியாது. பெனலைத் தூக்கி, அதற்குக் கீழே இருக்கிற வெள்ளைத் தாள்களையும் எடுத்தால், தகரத்தில் நீட்டு நீட்டாக ஒட்டின பட்டிகள். ஒவ்வொரு பட்டியிலும் அரிசி மணி அளவு எல்ஈடி, அதன் மேல் பால் நிறத்தில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு லென்ஸ். எல்லாம் ஒன்றின் வாலை ஒன்று பிடித்த தொடர் இணைப்பு. வெசாக்குக்குக் கட்டுகிற பல்பு மாலையில் ஒன்று போனால் முழு மாலையும் அணையுமே, அதே கதை. ஒன்று திறந்துகொண்டதும் ஓட்டுகிற சுற்று அதை உணர்ந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். நீ எழுதின அந்த ஒரு விநாடி வெளிச்சம் அதுதான்.

போன ஒன்றை மட்டும் மாற்றிக் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். வேண்டாம். மற்றவையும் அதே வயது, மூன்று மாதத்தில் திரும்ப வருவாய். பட்டிகளை முழு செட்டாக மாற்றச் சொல். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மொடல் நம்பரைக் காட்டினால் பல செட்டுகளுக்குக் கிடைக்கும். 85 ஆயிரம் வராது. மாற்றின பிறகு மெனுவில் பின்னொளியை 100 இலிருந்து 60 க்கு இறக்கு. கடை வெளிச்சத்தில் கண்ணைப் பறிக்க வைத்திருந்த 'விவிட்' மோடிலேயே பெரும்பாலான வீடுகளில் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. சூட்டில்தான் எல்ஈடி சாகிறது.

ஒரு எச்சரிக்கை. காகிதம் மாதிரி மெல்லிசான மொடல் என்றால் பட்டிகள் பின்னால் பரந்து இராது, கீழ் விளிம்பில் ஒரே வரிசையாக நெருக்கி வைத்திருப்பார்கள். சூடு அங்கேயே தேங்கும். அந்தப் பட்டி கிடைப்பதும் கஷ்டம். மெல்லிசாக இருக்க வேண்டும் என்று கொடுத்த கூடின காசுக்கு இதுவும் சேர்த்துத்தான்.

"திரையில் மேலிருந்து கீழே ஒரு பச்சைக் கோடு. முந்தின நாள் மனைவி கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே அடித்துத் துடைத்தார். அதனால் வருமா? வீட்டில் சண்டை." - வாசகர், தெஹிவளை

வரும். ஆனால் மனைவியை ஏசாதீர்கள், டிவியோடு பெட்டிக்குள் வருகிற பாவனைக் கைநூலைத் திறந்து பார்த்தவர் நீங்களும் இல்லையே.

திரையில் அடித்த ஸ்ப்ரே கண்ணாடியில் வழிந்து கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கும். சரியாக அந்த இடத்தில்தான் பெனலையும் போர்ட்டையும் இணைக்கிற மெல்லிய ஃபிலிம் நாடாக்கள் இருக்கின்றன. ஃபிலிம் கமரா காலத்து நெகட்டிவ் மாதிரி நிறம், தொட்டால் கசங்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சின்னச் சிப், தலைமயிரை விட நெருக்கமான கோடுகள். ஒரு சொட்டு ஈரம் போய் ஒரு கோடு அரித்தால் திரையில் ஒரு கோடு. சிப்பே போனால் ஒரு முழுப் பட்டை.

தெஹிவளை, வெள்ளவத்தை, மரைன் டிரைவ் பக்கத்து வீடுகளில் ஸ்ப்ரே அடிக்காமலும் இது வருவதைப் பார்த்திருக்கிறேன். கடற்கரைப் பக்க ஜன்னல் திறந்தே இருக்கும், உப்புக் காற்று உள்ளே வந்து செப்பைத் தின்னும். ஜன்னல் கம்பியில் துரு பிடிக்கிற வேகத்தைப் பாருங்கள், அதே காற்றுத்தான் டிவிக்குள்ளும் போகிறது.

நாடாவைத் திரும்ப ஒட்டுகிற மெஷின் இருக்கிற இடங்களும் உண்டு. ஒட்டினது எத்தனை நாள் நிற்கும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஒரு கோடுதான் என்றால் விட்டுவிடுங்கள். இனித் துடைப்பதென்றால் டிவியை நிறுத்தி, ஆறவிட்டு, மெல்லிய துணியைக் கொஞ்சமாக ஈரமாக்கிப் பிழிந்து துடையுங்கள். ஸ்ப்ரே துணிக்குத்தான், திரைக்கு இல்லை.

"கனடாவில் இருக்கிற சித்தப்பா வீடு மாறும்போது தன் 65 அங்குல டிவியை எங்களுக்குக் கொள்கலனில் போட்டு அனுப்புகிறேன் என்கிறார். இங்கே வேலை செய்யுமா அண்ணா?" - வாசகி, கொட்டாஞ்சேனை

சித்தப்பாவிடம் முதலில் பின்பக்க லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் பிள்ளை. '100-240 வோல்ட்' என்று இருந்தால் இங்கத்தைய 230 க்குப் பயப்படாமல் போடலாம். '120 வோல்ட்' என்று மட்டும் இருந்தால் நேராகக் குத்தவே கூடாது. போன வருஷம் ஒருவர் குத்திவிட்டுத்தான் என்னிடம் கொண்டுவந்தார். உள்ளே பெரிய கெப்பாசிட்டர் தொப்பி கழன்று, பஞ்சு மாதிரி வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. போர்ட் முழுக்க மீன் கருகின வாடை. அப்படியான டிவிக்கு 230 ஐ 120 ஆக்குகிற ட்ரான்ஸ்போமர் வேண்டும், 65 அங்குலம் என்றால் 500 விஏக்குக் குறையாமல்.

அடுத்தது அன்ரனா. அங்கத்தைய டிவி பிடிக்கிற முறை வேறு, எங்கள் ரூபவாஹினி வருகிற முறை வேறு. கூரை அன்ரனா வயரைக் குத்தினால் வெறும் திரைதான். டயலொக், பியோ மாதிரிக் கட்டண டிவிப் பெட்டியை எச்டிஎம்ஐ வழியாகக் கொடுத்தால் பிரச்சினை இல்லை. யூடியூப் மாதிரியானவையும் ஓடும்.

வொரண்டி வாங்கின நாட்டோடு முடிந்தது. இங்குள்ள முகவரிடம் கொண்டுபோனால் மொடல் நம்பரைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள், பார்ட்ஸும் அதே நம்பரில் வராது. டுபாயிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து சூட்கேஸோடு டிவி காவி வருகிறவர்களுக்கும் இதேதான், வோல்ட் கரைச்சல் மட்டும் அவர்களுக்கு இல்லை. கொள்கலனில் கண்ணாடி உயிரோடு வந்து சேர்வது தனிக் கதை. சித்தப்பா பழைய பெட்டியை வைத்திருந்தால், நிமிர்த்தி வைத்து அனுப்பினால், பார்க்கலாம். இல்லை என்றால் அந்தக் கூலிக் காசை அனுப்பச் சொல்லுங்கள். சித்தப்பாவுக்கு நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

"புது டிவிக்கு 28 ஆயிரம் ரூபா ஸ்டெபிலைசர் கட்டாயம் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கவா? இடி நேரம் பிளக்கைக் கழற்றினால் போதாதா?" - வாசகர், வத்தளை

ஸ்டெபிலைசர் வேண்டாம். இப்போதைய டிவியின் பவர் போர்ட் வோல்ட்டேஜ் ஏறி இறங்குவதைத் தானே சமாளிக்கும். 180 க்கு இறங்கினாலும் படம் ஆடாது. அதைக் கொல்வது கண் இமைக்கிற நேரத்துக்குள் வந்துபோகிற துள்ளல். சாதாரண ஸ்டெபிலைசரின் ரிலே விழித்துக்கொள்வதற்குள் அது டிவிக்குள் போய் வேலையை முடித்துவிடும். அதற்கு சேர்ஜ் ப்ரொடெக்டர்தான் வேண்டும், நல்ல எர்த் உள்ள பிளக் பொயின்டில்.

எர்த் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. டிவியோடு வருகிற இரண்டு கால் பிளக்கை எங்கள் 13 அம்பியர் ஹோல்டரில் ஏற்ற, மேல் ஓட்டைக்குள் பேனா மூடியைக் குத்தித் திறந்து அமுக்குகிற பழக்கம் எத்தனை வீட்டில்! ஏழரை லட்சத்து டிவி, இருபது ரூபாப் பேனாவில் தொங்குகிறது. அது இறுகப் பிடிக்காது. உள்ளே பொறி பறந்து பறந்து ஹோல்டர் மஞ்சளாகி உருகும். ஒழுங்கான அடப்டர் ஒன்றை வாங்கிப் போடுங்கள்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த மாதங்களில் எனக்கு வந்த போர்ட்டுகளில் பல, கரண்ட் போகும்போது இல்லை, திரும்பி வரும்போது செத்தவை. தெரு முழுக்க ஃபிரிஜ், மோட்டர், ஏசி எல்லாம் ஒரே நேரத்தில் எழும்புகிற நேரம் அது. பவர் போர்ட்டின் வாசலில் நீலப் பொத்தான் மாதிரி ஒரு வேரிஸ்டர் இருக்கும். துள்ளலைத் தன் மேல் வாங்கிக்கொண்டு கருகிச் சாகும். அதுவும் ஒரு ஃபியூஸும் மட்டும் என்றால் அதிர்ஷ்டம், சில நூறு ரூபாப் பார்ட்ஸ். கரண்ட் வெட்டினால் சுவர் சுவிட்சை நிறுத்துங்கள், வந்து ஐந்து நிமிஷம் கழித்துப் போடுங்கள்.

இடிக்கு, ஆம், கழற்றத்தான் வேண்டும். சித்திரைக்கு முன்பின்னும், ஒக்டோபர், நவம்பரிலும், பின்னேரம் வானம் கறுத்தால் யோசிக்க வேண்டாம். வெள்ளவத்தை அக்காவுக்குச் சொன்ன பத்து நிமிஷக் கணக்கெல்லாம் அப்போது இல்லை. பவர் பிளக்கோடு அன்ரனா வயர், டிஷ் வயர், ரவுட்டரிலிருந்து வருகிற கேபிள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பலர் பவரை மட்டும் கழற்றிவிட்டு டிஷ் வயரை விட்டுவிடுகிறார்கள். இடி அந்த வழியாகப் பெட்டிக்குள் இறங்கி, பெட்டியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கு நடந்து வரும். "எல்லாம் வேலை செய்கிறது, முதலாவது எச்டிஎம்ஐ மட்டும் இல்லை" என்று வருகிற டிவிகளின் கதை பெரும்பாலும் இது.

"உள்ளே பல்லி விழுந்து போர்ட் எரிந்துவிட்டதாக டெக்னீஷியன் சொல்கிறார். கதை விடுகிறாரா?" - வாசகர், மட்டக்குளி

உண்மையாக இருக்கலாம். டிவி முதுகு இரவில் இளஞ்சூடு, பல்லிக்கு அது மெத்தை. காற்றுத் துவாரத்தால் உள்ளே போய், பவர் போர்ட்டில் இரண்டு காலுக்கு நடுவில் ஒரு காலை வைத்தால் முடிந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு முழு இலங்கைக்கும் கரண்ட் போனதே, உங்கள் ஹோலில் நடந்தது அதன் சின்னப் பதிப்பு. ஆனால் ஆதாரம் கேளுங்கள். பல்லி எரிந்திருந்தால் காய்ந்த உடம்போ எலும்போ போர்ட்டில் ஒட்டியிருக்கும், பக்கத்தில் கரி படிந்திருக்கும். என் மேசை இலாச்சிக்குள் ஒரு போத்தலில் அப்படி ஐந்து பேர் இருக்கிறார்கள். நம்பாத வாடிக்கையாளருக்குக் காட்ட வைத்திருக்கிறேன். வொரண்டிக்காரர் பூச்சி, பல்லி என்றால் கை கழுவி விடுவார்கள், கார்ட்டின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.

"ஐந்து வருஷ டிவி. படம் கண்ணாடி மாதிரி. ஆனால் மெனு ஆமை, பாதி அப்ஸ் திறப்பதில்லை." - வாசகி, நுகேகொட

பெனலுக்கு வயது போகவில்லை, மூளைக்குப் போய்விட்டது. எச்டிஎம்ஐயில் குத்துகிற ஒரு ஸ்டிக் வாங்குங்கள், டிவியின் சொந்த அப்ஸை மறந்துவிடுங்கள். புது டிவி வேண்டாம்.

"வொரண்டிக் காலத்திலேயே பழுது. கொம்பனி எடுத்துக்கொண்டுபோய் நாலு மாதம். 'பார்ட்ஸ் ஷிப்மென்டில்' என்கிறார்கள். யாரிடம் போக?" - வாசகர், பம்பலப்பிட்டி

முதலில் உங்களிடம் என்ன கடதாசி இருக்கிறது? வாங்கின பற்றுச்சீட்டு, வொரண்டி கார்ட், அவர்கள் எடுத்துப்போனபோது தந்த ஜொப் ஷீட். ஜொப் ஷீட்டில் சீரியல் நம்பரும், திகதியும், 'கண்ணாடியில் உடைவு இல்லை' என்ற வரியும் இருக்க வேண்டும். இல்லை என்றால், நாளைக்குத் திரும்பி வரும்போது மூலையில் ஒரு வெடிப்பு இருந்தால் அது உங்கள் தலையில்தான். கொடுக்க முந்தி டிவி ஓடுவதை ஃபோனில் எடுத்து வைப்பதும் நல்லது.

ஃபோனில் கதைப்பதை நிறுத்திவிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள்: எந்தப் பார்ட், எந்தத் திகதிக்குள், இல்லாவிட்டால் மாற்று டிவியா, காசா. பதிவுத் தபாலிலோ ஈமெயிலிலோ. 'ஷிப்மென்ட்' என்ற சொல்லுக்கு எழுத்தில் ஒரு திகதி போட வேண்டி வந்தால் கப்பல் கெதியாக வரும். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது, உத்தரவாதத்தின்படி நடக்காத பொருளைப் பற்றியும் முறைப்பாடு எடுப்பார்கள். தொலைபேசி 1977. ஃபோனில் சொன்னாலும் எழுத்திலும் கொடுங்கள், இழுத்தடிக்காமல் கொடுங்கள்.

நியாயமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 க்குப் போனபோது நானே ஒரு மெயின் போர்ட்டுக்கு ஏழு மாதம் காத்திருந்தேன். வாடிக்கையாளர் வாசலில் வந்து நிற்கும்போது நானும் 'ஷிப்மென்ட்' என்றுதான் சொன்னேன். அது உண்மை. ஆனால் இப்போது நாலு மாதம் என்றால் அவர்களிடம் அந்த மொடலுக்குப் பார்ட்ஸ் இருப்பே இல்லை என்றுதான் அர்த்தம். ஐரோப்பாவில் 2021 மார்ச்சிலிருந்து ஒரு விதி இருக்கிறது: ஒரு டிவி மொடலின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்த பிறகும் ஏழு வருஷத்துக்குச் சில பார்ட்ஸ் கிடைக்க வேண்டும். பவர் சப்ளை, கனெக்டர், கெப்பாசிட்டர் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பெனல் இல்லை! சட்டம் போட்டவர்களே அந்தக் கண்ணாடிக்குப் பயந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அதனால் இனி வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் 'எத்தனை வருஷ வொரண்டி' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். 'பெனலுக்கு எத்தனை வருஷம், நிழல் விழுந்தால் சேருமா, இந்த மொடல் பெனல் கொழும்பு ஸ்டோரில் இப்போது இருக்கிறதா, இன்றைக்கு என்ன விலை' என்று கேளுங்கள். சேல்ஸ் தம்பி மனேஜரைக் கூப்பிடுவார். மனேஜர் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு முடிவு எடுங்கள்.

"ஐயா, உங்கள் வீட்டில் என்ன டிவி?" - வாசகி, கொழும்பு 13

மாட்டிவிட்டீர்கள். 1987 இல் முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு சிங்களத் திருத்துவேலைக்கார பாஸ் உன்னஹேயிடம் ஈயம் ஊத்தப் பழகின நாளிலிருந்து என் வீட்டில் இருந்ததெல்லாம் வாடிக்கையாளர் 'வேண்டாம்' என்று விட்டுப்போனவைதான். குசினிக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு 32 அங்குலம் இருக்கிறது. எல்ஈடி பட்டி ஒரு தரம் மாற்றினது, கெப்பாசிட்டர் இரண்டு தரம், ரிமோட்டுக்கு ரப்பர் பான்ட். செய்தி அதில்தான்.

போன தீபாவளிக்கு மகள் ஹோலுக்கு ஒரு ஓலெட் வாங்கி வந்து மாட்டிவிட்டாள். விலை சொல்ல மாட்டேன் என்கிறாள், எனக்குத் தெரியாதா? மனைவிக்கு நான் பத்து நிமிஷக் கணக்கை மூன்று தரம் விளங்கப்படுத்தியிருக்கிறேன். தலையாட்டினார். நேற்றிரவும் சாமி அறை விளக்கை அணைக்கப் போன கையோடு சுவர் சுவிட்சையும் நிறுத்திவிட்டு வந்து படுத்துக்கொண்டார். நான் இருட்டில் எழும்பிப் போய்த் திரும்பப் போட்டேன். ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. 'டொக்' கேட்கும்வரை அங்கேயே கதிரையில் இருந்தேன்.